ஒரே கம்பியில் ஐந்து காது

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, நான் வேலை பார்த்த ஆலையில் எங்களை எல்லாம் ஏசி அறையில் உட்காரவைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஆலையில் இருக்கும் மோட்டார், வால்வு, பம்ப் எல்லாவற்றையும் இனிமேல் ஈதர்நெட் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரில் இருந்தே ஓட்டப் போகிறோம், அதற்கு முன் அடிப்படைச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். பாடம் நடத்த வந்த இன்ஜினியருக்கு என் மகன் வயது. பலகையில் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அட்ரஸ் உண்டு. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது பிராட்காஸ்ட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி இரண்டு பேச்சும் கெட்டுப்போனால் அது கொலிஷன். 'நீ சொன்னது வந்து சேர்ந்தது' என்று கருவி திருப்பிச் சொல்வது அக்னாலெட்ஜ்மென்ட். ஆரம்ப காலத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே கம்பியில்தான் தொங்கின. ஒருவருக்குப் போகிற செய்தி எல்லார் காதிலும் விழும். தனக்கு உரியது இல்லை என்றால் பேசாமல் விட்டுவிட வேண்டும், அதுதான் ஒழுங்கு என்றார்.

பேசாமல் விட்டுவிட வேண்டுமாம்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சார்?" என்று கேட்டார். இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரே கம்பியில் தொங்கியவர்கள் யாராவது தனக்கு வராத செய்தியைப் பேசாமல் விட்ட கதை உண்டா? எங்கள் கம்பியில் ஒருத்தர்கூட விட்டதில்லை. எனக்கு வேலை நிலைத்ததும் கல்யாணம் நடந்ததும் அதனால்தான். அந்த ஏசி அறையில் இதைச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் இந்த ஆளுக்கா சம்பளம் கொடுத்தோம் என்று கேட்டிருப்பார்கள். அதனால் அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு உப்பளத்தில் நான் எலக்ட்ரீசியன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கியவன் என்பதால் என்னை நானே இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்த உடம்பு. உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்து என்னை ஒரே மாதத்தில் கருவாடாக்கிவிட்டன. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஒரு டெஸ்டரைச் சட்டைப் பையில் தெரிகிறமாதிரி செருகிக்கொண்டு அளம் முழுக்கச் சுற்றுவேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வேலை டெம்பரவரி. அதுதான் என் தலையில் விழுந்த இடி. காரணம், திருச்செந்தூரில் சன்னதித் தெருப் பக்கம் ஒரு பாத்திரக்கடை. அந்தக் கடை அண்ணாச்சியின் மகளை எனக்குக் கேட்டிருந்தார்கள். ஒரு தடவைதான் பார்த்தேன். கடையில் அடுக்கின சருவப்பானைகளுக்கு நடுவே நின்று யாரையோ பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை. எனக்கு அதுவே போதும், அன்றைக்கே அவளைத் தவிர வேறு யாரையும் கட்டக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணாச்சி நேராகவே சொல்லிவிட்டார்: "மாப்ள நல்ல பயதான். ஆனா டெம்பரவரிக்கு எம்மவள குடுத்துட்டு நான் டெம்பரவரியா தூங்க முடியாது. பெர்மனன்ட் ஆவட்டும், தை மாசமே முடிச்சிருவோம்."

இந்தச் சேதி உப்பளம் முழுக்கத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், என் அம்மா ஊர்த் தபாலாபீசிலிருந்து போன் பண்ணி இதைச் சொன்னபோது ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போன் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அளத்துக்குள் ஒரே ஒரு ஜோடிக் கம்பி, பனங்கம்பங்களில் கட்டி இழுத்திருந்தது. அதில் ஐந்து இடங்களில் ஐந்து போன் தொங்கின. வெளியூர்ப் போன் வந்தால் ஆபீசில் அதை இந்தக் கம்பியோடு இணைத்துவிடுவார்கள். எல்லாம் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த பழைய பெட்டிகள். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே காந்தம் சுழன்று கரண்ட் கிளம்பும், அது கம்பி வழியாகப் போய் எல்லாப் பெட்டியிலும் மணியை அடிக்கும். யாருக்கு என்று எப்படித் தெரியும்? மணிக் கணக்குதான். ஒரு மணி ஆபீஸ். இரண்டு மணி வாசல் வாட்ச்மேன். மூன்று மணி உப்பு எடைபோடும் மேடை. நான்கு மணி கடற்கரையோரம் இருந்த பம்ப் கொட்டகை. ஐந்து மணி பாத்தி ஓரத்துக் கொட்டகை. அங்கே உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அக்கா எடுப்பார். நிற்காமல் நீளமாகச் சுற்றினால் எல்லாருக்கும். மழை வருகிறது, உப்பைக் குவித்து மூடு என்று அர்த்தம். அந்த இன்ஜினியர் பலகையில் எழுதிய அட்ரசும் பிராட்காஸ்டும் இதுதான். எடை மேடைக்காரரும் மேஸ்திரி அக்காவும் ஒரே நேரத்தில் கைப்பிடியைச் சுற்றி, மணி எண்ணிக்கை குழம்பி, வாட்ச்மேன் எதற்கென்றே தெரியாமல் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். கொலிஷன்.

ஒழுங்கு மட்டும்தான் எங்களிடம் இல்லை. எத்தனை மணி அடித்தாலும் ஐந்து ரிசீவரும் எடுக்கப்படும். அதில் யாருக்கும் வெட்கமே கிடையாது. ஆபீஸ் கணக்கர் வாட்ச்மேனிடம் லாரி வந்ததா என்று கேட்டால் மேஸ்திரி அக்கா நடுவில் புகுந்து, "அது அப்பமே போச்சுல்லா!" என்பார். எடுக்காமல் இருந்தால்தான் சங்கடம். ஏதோ கோபம்போல, வரமாட்டேன் என்கிறார் என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். அவ்வளவு பெரிய வெட்டவெளியில் ஆளுக்கொரு மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கம்பிதான் தெரு.

இந்த ஐவரில் ஒட்டுக் கேட்பதில் முதலிடம் பம்ப் கொட்டகை அக்காவுக்கு. பம்ப்மேன் அவர் வீட்டுக்காரர், பெரியதாழை மீனவ ஊர்க்காரர். அவருக்கு மோட்டாரைவிடக் கடலில்தான் கண். கட்டுமரம் ஏதாவது கரைக்கு வந்தால் எழுந்து போய்விடுவார். நான்கு மணி அடித்து, 'போடு' என்றால் மோட்டாரைப் போடுவதும் 'நிறுத்து' என்றால் நிறுத்துவதும் பெரும்பாலும் அக்காதான். கொட்டகையிலேயே ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் மாதா படம், நடுவில் கடல்நீரை இழுக்கிற பெரிய மோட்டார். இரண்டு பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவை. மோட்டார் நின்றால்தான் தூக்கம் கலைந்து அழும் என்பார்.

முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அவர் மருமகன், பம்பாயில் படித்தவர். "ஏலே, மருமவன் சொல்லுதாரு, வெளிநாட்டுல எல்லாம் ஆபீஸ்ல இருந்தே மோட்டாரை ஓட்டுதானாம். ஒன்னால முடியுமா? முடிஞ்சா ஒன்னய பெர்மனன்ட் ஆக்கிருதேன்" என்றார்.

முடியுமா என்று யோசிக்கவே இல்லை. சருவப்பானைகளுக்கு நடுவே நின்ற சிரிப்பு மட்டும்தான் கண்ணுக்குள் இருந்தது. "முடியும் முதலாளி" என்றேன். வெளியே வந்த பிறகுதான் எதை வைத்துச் செய்வது என்று யோசித்தேன்.

தூத்துக்குடிப் பழைய இரும்புக்கடை ஒன்றில் கழித்துப்போட்ட டெலிபோன் எக்சேஞ்ச் சாமான்கள் கிடைத்தன. அதில் ஒரு சுழல் சுவிட்ச். ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் ஒரு பல் நகரும். அதை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தேன். கம்பியில் நான்கு குட்டை மணி வந்தால் நான்கு பல் நகர்ந்து 'நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள்' என்று பெட்டி விழித்துக்கொள்ளும். அதன்பின் ஒரு நீள மணி வந்தால் மோட்டாரைப் போடும், இரண்டு நீளம் வந்தால் நிறுத்தும். வேலை முடிந்ததும் பெட்டியே ஆபீசுக்கு ஒரு மணி திருப்பி அடிக்கும். நான்கு மணி இல்லாமல் வேறு எண்ணிக்கை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு பழைய பல்லுக்குத் திரும்பிவிடும். எங்கள் கம்பியில் தொங்கிய ஆறு பேரில் அது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கத் தெரிந்தது.

வெள்ளோட்டத்துக்கு மோட்டாரைத் தொட முதலாளி விடவில்லை. எரிந்துபோனால் யார் பொறுப்பு? அதனால் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினேன். மத்தியானம் எல்லாரும் சோற்றுச் சட்டியோடு ஒதுங்குகிற நேரமாகப் பார்த்து ஆபீசில் கைப்பிடியைச் சுற்றுவேன். நான்கு குட்டை, ஒரு நீளம். டிங் என்று பதில் மணி வரும். சைக்கிளை மிதித்துக்கொண்டு பம்ப் கொட்டகைக்கு ஓடினால் பல்ப் எரிந்துகொண்டிருக்கும். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அக்கா என் தட்டில் சாளை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே பல்பைப் பார்த்துச் சிரிப்பார். "இதுக்கா தம்பி இந்தப் பாடு படுத? பட்டப்பகல்ல லைட்டு எரியதுக்கு?"

"மோட்டாரும் இப்படித்தான்கா ஓடும். நீங்க ஒன்னும் செய்ய வேண்டாம். கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கலாம்."

"எனக்கு அந்தக் குடுப்பினை வேறயா?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். நான் மூக்குமுட்டச் சாப்பிட்டேன். 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, அந்தத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேனே, எனக்கு உறைத்ததா? ரிலே, சுவிட்ச், பல் எல்லாம் தெரிந்த மண்டையில் அது ஒன்று ஏறவில்லை.

முதலாளிக்குக் காட்டுகிற நாள் வந்தது. அம்மா செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு விபூதி கொடுத்தனுப்பியிருந்தார். மருமகன் கெட்டிக்காரர். "பம்ப்மேன் ஷெட்டுக்குள்ள இருக்கக் கூடாது. வெளிய, நம்ம கண்ணுக்குத் தெரியுற இடத்துல நிக்கணும்" என்றார். சரி என்றேன். பம்ப்மேன் அண்ணாச்சி தண்ணீர் விழுகிற குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆபீஸ் மாடியிலிருந்து மருமகன் பைனாகுலரில் பார்த்துத் திருப்திப்பட்டார். அண்ணாச்சியின் சம்சாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் யாருக்கும் அவர் ஒரு ஆள் என்றே தோன்றவில்லை.

நான் கைப்பிடியைச் சுற்றினேன். நான்கு குட்டை, ஒரு நீளம்.

பதில் மணி வரவில்லை. முதலாளி குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. போச்சு, தை மாசம் போச்சு, பாத்திரக்கடை போச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. டிங் என்று இல்லை. டர்ர்ர்ர்ரிங் என்று, யாரோ கோபத்தில் இருக்கிறமாதிரி. அடுத்த நிமிடம் குழாயில் தண்ணீர் பீறிட்டது. குடையோடு அண்ணாச்சி நனைந்து எழுந்து ஓடியதை மருமகன் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "வெரி குட்!" என்றார்.

மணி ஏன் வேறுமாதிரி அடித்தது என்று முதலாளி கேட்டார். "கடல்காத்து அதிகமா இருக்கு முதலாளி. அதுல வேவ் மாறும்" என்றேன். நான் சொன்னதை நானே நம்பினேன், அதுதான் கொடுமை. நான்கு குட்டை, இரண்டு நீளம் சுற்றினேன். தண்ணீர் நின்றது. மறுபடி டர்ர்ர்ர்ரிங்.

"ஏலே, நீ பெர்மனன்ட்" என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இறங்கப் போனவனைத் திருப்பிக் கூப்பிட்டு, "இனிமே பம்புக்கு ஆள் எதுக்கு? வார மாசத்தோட அவனை நிப்பாட்டிருவோம். கொட்டகையக் காலி பண்ணச் சொல்லிரு" என்றார்.

அங்கேயே நின்றேன். அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. அத்தனை மாதமும் அந்த அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து நான் எதைச் செய்துகொண்டிருந்தேன் என்று முதலாளி வந்து சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

சைக்கிளை மிதித்துப் பம்ப் கொட்டகைக்குப் போனேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். அக்கா வாசலிலேயே நின்றார்.

"பெர்மனன்ட் ஆயிட்டியா?"

"ஆயிட்டேன்கா. ஆனா..."

"ஒம் பெட்டி ரெண்டு பல்லோட நின்னு போச்சு. நான்தான் மோட்டாரைப் போட்டேன். மணியும் நான்தான் அடிச்சேன்."

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். சுவிட்ச் பழைய பல்லுக்கும் திரும்பாமல் இரண்டாவது பல்லில் சிக்கி நின்றது, என்னைப் பார்த்து இளிக்கிறமாதிரி.

"போன எடுத்துக் கேட்டுட்டே இருந்தேன். நீ சுத்துத சத்தம் காதுல விழுது. நாலு குட்டை, ஒரு நீளம். பெட்டியப் பாத்தா அசையல. மாதாவே, இந்தப் பய மாடியில நின்னு முழிச்சிட்டு இருப்பானேன்னு நெனச்சேன். போட்டுட்டேன்."

"அக்கா, மோட்டாரு தானா ஓடுனா ஒங்க வீட்டுக்காரருக்கு வேல போயிரும். அது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா? ஒனக்குத்தான் தெரியல." அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். "இங்கன பாரு. ஒம் பெட்டி ஓடாதுன்னு எனக்குத் தெரியும், ஒனக்கும் இப்பம் தெரியும். ஒம் மொதலாளிக்குத் தெரியாது. நான் இல்லைன்னா நாளைக்கே குட்டு ஒடஞ்சு, ஒம் பெர்மனன்டும் போவும், பொண்ணும் போவும். அப்பம் நீ என்னை வெரட்டுவியா?"

நான் பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"மொதலாளிகிட்ட போய்ச் சொல்லு. உப்புக்காத்துல பெட்டி துருப்புடிக்கும், தெனம் ரெண்டு வேள தொடைக்க ஒரு ஆளு வேணும், கூடவே இருக்கணும்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். வேவ் மாறும் என்று நான் சொன்னதைவிட இது நம்பும்படியாக இருந்தது. முதலாளி ஒத்துக்கொண்டார். பம்ப்மேன் அண்ணாச்சி அதே சம்பளத்தில் பெட்டி துடைக்கிறவர் ஆனார். தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மேஸ்திரி அக்கா, வாட்ச்மேன், எடை மேடைக்காரர் மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பம்ப் கொட்டகை அக்கா மட்டும் வரவில்லை. வந்தால் மோட்டாரை யார் போடுவது?

முதலாளிக்கு அந்தக் கைப்பிடி விளையாட்டுச் சாமானாகிவிட்டது. யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய் அவரே சுற்றிக் காட்டுவார். உப்பு வாங்க வந்த வியாபாரிகள் வாயைப் பிளப்பார்கள். என்னை முன்னால் நிறுத்தி, "நம்ம இன்ஜினியர்" என்பார். ஒருவழியாக என்னை இன்ஜினியர் என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். நான் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிற்பேன். அங்கே கொட்டகையில் அக்கா ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருப்பார். தூத்துக்குடிக் கரையிலேயே முதல் தானியங்கிப் பம்ப் எங்களுடையதுதான் என்று முதலாளி சொல்லித் திரிந்தார். அந்தத் தானியங்கிக்கு எப்போதாவது காய்ச்சல் வந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஆனாலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பல்ப் எரிந்த பெட்டி, மோட்டார் என்றதும் ஏன் மண்ணைக் கவ்வியது? ரிலேயை மாற்றினேன். கம்பி இணைப்பை எல்லாம் சுரண்டிப் புதிதாகக் கட்டினேன். பல்லுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு நாள் இரண்டு பல், ஒரு நாள் மூன்று பல். நான்கைத் தொடவே இல்லை. அக்கா கேலி செய்வார்: "வுடு தம்பி. அதுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியல. பள்ளிக்கூடத்துல சேத்துவுடு."

வைகாசி விசாகம் வந்தது. அளமே காலி, எல்லாரும் திருச்செந்தூருக்கு நடந்தே போய்விட்டார்கள். வாட்ச்மேன் இல்லை, எடை மேடை பூட்டிக் கிடந்தது, பாத்திக் கொட்டகையில் ஆளில்லை. என் மனைவியும் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆனால் வெயில் கொளுத்துகிறது, பாத்திக்குக் கடல்நீர் வேண்டும். மோட்டாரை நானே ஆபீசிலிருந்து ஓட்டிக்கொள்கிறேன் என்று முதலாளி உற்சாகமாக உட்கார்ந்துவிட்டார். நான் பம்ப் கொட்டகைக்குப் போனேன். அண்ணாச்சி கடற்கரையில் வலைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். கை இரண்டிலும் செதில்.

மணி அடித்தது. நான்கு குட்டை.

"இந்தா வாரேன்" என்று அக்கா எழுந்தார். கையில் செதில் இருந்ததால் ரிசீவரை எடுக்கவில்லை. ஒரு நீளம் அடிக்கும்போதே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பக்கம் கையை நீட்டினார்.

பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமி எழுந்தது.

அக்காவின் கை ஸ்டார்ட்டருக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. பெட்டி தன் பாட்டுக்கு ஆபீசுக்கு ஒரு மணி அடித்தது. டிங். எத்தனை மாதம் அந்தச் சத்தத்துக்காக ஏங்கியிருக்கிறேன்! எனக்குக் காரணம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. யாரும் ரிசீவரை எடுக்கவில்லை. எடுத்த ரிசீவர் ஒவ்வொன்றும் கம்பியில் வருகிற கரண்டில் தன் பங்கை உறிஞ்சிவிடும். பக்கத்தில் தொங்குகிற ஒரு ரிசீவரை எடுத்தாலே பெட்டிக்குப் போதாது, நான்கு பேர் காதில் வைத்தால் மிச்சம் எங்கே? மத்தியானச் சோற்று நேரத்தில் யாரும் எடுப்பதில்லை, பல்ப் எரிந்தது. முதலாளிக்குக் காட்டிய நாளில் நான் ஜெயிக்க வேண்டும் என்று மற்ற நான்கு பேரும் ரிசீவரைக் காதில் ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அத்தனை பேர் பாசமும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தது. இனி 'நம்ம மணி இல்லை என்றால் ரிசீவரை எடுக்காதீர்கள்' என்று முதலாளி வாயால் ஒரு உத்தரவு போதும். பெட்டி ஆயுசுக்கும் ஓடும்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. "அக்கா, ஓடிட்டு பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

அக்கா கையை மெல்ல இறக்கினார். அடுப்பைப் பார்த்தார். சுவர் ஓரத்தில் மோட்டார் சத்தத்தில் அயர்ந்து தூங்கிய சின்னப் பிள்ளையைப் பார்த்தார். கேலி ஏதாவது வரும் என்று நின்றேன்.

"ஓடுது சார்" என்றார்.

சார்! என்னை அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி, பயலே, கூறுகெட்டவனே, எல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லில் என்னைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டார். என் சந்தோஷம் வந்த வேகத்திலேயே வடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைக் கறுப்புக் கண்ணாடி மறைத்தது. அந்தக் கண்ணாடி எனக்குப் பிரயோசனப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சுவரில் இருந்த போன் பெட்டியிடம் போனேன். ரிசீவரை எடுத்தேன். காதில் வைக்காமல் அப்படியே கம்பியோடு தொங்கவிட்டேன். அது போனுக்கு அடியில் ஆடிக்கொண்டு கிடந்தது.

அக்கா என்னையும் ரிசீவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாத்தி நிறைகிற மட்டும் மோட்டார் ஓடியது.

பிறகு தொங்குகிற ரிசீவரில் கரகரவென்று கேட்டது. நான்கு குட்டை, இரண்டு நீளம். முதலாளி ஆபீசில் உட்கார்ந்து சுற்றுகிறார். தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பல் நகர்ந்தது. இன்னொரு பல் நகர்ந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, மொதலாளி நிப்பாட்டச் சொல்லுதாரு. பெட்டிக்கு நாலு எண்ணத் தெரியல. நீங்க நிப்பாட்டுங்க" என்றேன்.

அக்கா மோட்டாரை நிறுத்தினார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றி ஆபீசுக்கு மணி அடித்தார். திடீரென்று சத்தம் ஓய்ந்ததும் சின்னப் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என் பக்கம் தட்டைத் தள்ளினார்.

"கூறுகெட்ட பயலே, அழுறத நிறுத்திட்டுச் சாப்புடு" என்றார்.